வினாவும் வித்தும்: நலவாழ்வு ஆராய்ச்சியின் விதைநிதி பற்றிய ஒரு திறனாய்வு

உலக மக்களின் நலவாழ்வு பற்றிய ஆராய்ச்சிக்குப் பொருளுதவி புரியும் அறக்கட்டளைகளும் அரசு நிறுவனங்களும் 'விதைநிதி' என்னும் சொல்லை இந்நாளில் மிகுதியாக ஆள்கின்றன. பேராய்வு ஒன்றைத் தொடங்குமுன், ஓராண்டோ ஈராண்டோ நிகழும் முன்னாய்விற்கென வழங்கப்பெறும் சிறுதொகை இப்பெயர் பெறும். மருத்துவர்க்கும் நோய்க்கணக்கு எடுப்போர்க்கும் மட்டுமன்றிச் சமுதாயவியலார், மானிடவியலார், வரலாற்றாசிரியர் ஆகியோர்க்கும் இத்தொகை கிடைத்தல் வேண்டும் என்னும் குரலும் வலுத்துள்ளது. அவருள்ளும் திறனாய்வு நோக்குடைய சமுதாய ஆராய்ச்சியாளரின் பணி தனித்தன்மை உடையது. நோய் எத்துணைப் பேரைப் பற்றிற்று என்று எண்ணுவதோடு அவர் நில்லார். ஏன் இவரைப் பற்றி அவரை விட்டது, ஆராய வந்தவர் யார், யார் தந்த பொருளைக்கொண்டு எவ்வினாவை எழுப்பினர், எவ்வினாவை எழுப்பாது விட்டனர் என்றும் அவர் வினவுவர்.

இப்பொருள் தமிழாராய்ச்சி இதழுக்கு ஏற்புடைத்தோ எனச் சிலர் ஐயுறலாம். ஏற்புடைத்து என்பதற்குக் காரணம் இரண்டு. நலவாழ்வு ஆராய்ச்சி மக்களிடம் வினவிப் பெறும் விடைகளால் ஆயது. வினாவின் இயல்பும் விடையின் இயல்பும் இலக்கணத்தின்பாற் படுவன. இஃது ஒன்று. இத்தகைய ஆராய்ச்சி நம் நாட்டில் வேரூன்றிய தொடக்கக் களங்களுள் ஒன்று திண்டுக்கல் சமவெளி என்பது மற்றொன்று. ஆதலின் இம்மண்ணின் சான்றுகளையே முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை நடக்கும். யாம் நிறுவக் கருதுவது ஒன்றே. விதைநிதியின் மெய்ப்பயன் சிறிய விடையொன்றைப் பெறுதல் அன்று. பெரிய வினாவைத் திருத்திக்கொள்ளுதலே ஆகும். அவ்வுரிமையைத் தாராத நிதி, தொகையாற் சிறிதேனும் விதை ஆகாது.

1. விதை என்னும் சொல்

'வித்து', 'விதை' என்பன தமிழில் தொன்றுதொட்டு வழங்கும் சொற்கள். உழவன் விளைச்சலில் ஒரு பகுதியை உண்ணாது ஒதுக்கிக் காப்பான், அதுவே விதைநெல். பசி மிக்க காலத்தும் விதைநெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது நாட்டுப்புற அறம். சுரை விதைத்தால் அவரை முளையாது என்பதும் ஊரார் அறிந்ததே. இவ்விரண்டு வழக்கும் சொல்லின் பொருளைத் தெளிவாக்குகின்றன. விதை சிறிதாயினும் விளையப்போவது எது என்பதை முன்னரே உறுதி செய்துவிடும். அதனை எடுத்து வைப்பவன் எவனோ, அவனே அடுத்த பருவத்தின் பயிரைத் தேர்பவன்.

இவ்வுண்மை நிதிக்கும் பொருந்தும். விதைநிதி என்று பெயரிடுவோர் அதனைப் பெரும்பாலும் தொகையின் சிறுமையைக் குறித்தே கூறுகின்றனர். தமிழ் வழக்கு நோக்கினால், விதையின் சிறப்பு அதன் சிறுமையில் இல்லை. முளைப்பதனைத் தீர்மானிக்கும் ஆற்றலில் உள்ளது. ஆகவே ஒரு விதைநிதி பற்றி நாம் முதற்கண் கேட்கவேண்டுவது 'எவ்வளவு' என்பதன்று. 'விதையைத் தேர்ந்தவர் யார்' என்பதே.

2. ஆத்தூர்க் களம்

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளபட்டியை அடுத்து அமைந்தது காந்திகிராமம். மருத்துவர் தி.சே. சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் இதனைத் தோற்றுவித்தனர். தாய்சேய் நலத்தில் வேரூன்றிய மருத்துவப்பணி இங்கு வளர்ந்தது. அமெரிக்க நாட்டின் ஃபோர்டு அறக்கட்டளை 1950-களின் தொடக்கத்திலேயே புதுதில்லியில் தன் அலுவலகத்தை நிறுவியிருந்தது. அவ்வறக்கட்டளையின் உதவியோடும் அரசுகளின் துணையோடும் 1959-ஐ ஒட்டி ஆத்தூர் வட்டாரத்தில் முன்னோடி நலவாழ்வுத் திட்டம் ஒன்று நடைபெறலாயிற்று. அதன் வழித்தோன்றலாக 1964-இல் காந்திகிராம ஊரக நலவாழ்வு, குடும்பநல நிறுவனம் தோன்றியது. 'ஆத்தூர் அனுபவம்' என்று பின்னாளில் மக்கட்டொகை அறிஞர் குறிப்பிட்டது இவ்வட்டாரத்துப் பணியையே.

இப்பணியால் விளைந்த நன்மைகள் பல. ஊரக நலப்பணியாளர்க்குப் பயிற்சி தரும் மரபு உருவாயிற்று. துணைச் செவிலியரும் நலக்கல்வியாளரும் ஊர்தோறும் செல்லும் முறை ஆய்ந்து வகுக்கப்பட்டது. இவற்றை மறுப்பது நன்றி மறத்தலாகும். எனினும் திறனாய்வாளன் நோக்கவேண்டுவது அத்திட்டம் எழுப்பிய வினாவின் வடிவம். ஊரகத்தில் குடும்பக் கட்டுப்பாட்டை எம்முறையிற் பரப்பலாம் என்பதே அதன் தலையாய வினா. 'எம்முறையில்' என்னும் வினா தோன்றும்போது 'பரப்புதல் வேண்டுமா', 'முதற்கண் வேண்டுவது எது' என்னும் வினாக்கள் விடைபெற்றுவிட்டனவாகக் கொள்ளப்படுகின்றன. அவ்விடையைத் தந்தவர் ஆத்தூர் வட்டாரத்து உழவரோ சின்னாளபட்டித் தறிக்காரரோ அல்லர். மக்கட்பெருக்கமே வறுமையின் வேர் என்னும் கருத்து அந்நாளில் உலகெங்கும் பொருள் படைத்தோர் அவைகளில் ஓங்கி நின்றது. அக்கருத்தே இங்கு வினாவாக வந்திறங்கிற்று. நிலம் நம்முடையது, உழைப்பு நம்முடையது, விதை வெளியூரது.

இங்கு ஒருவரையும் குறை கூறுதல் எம் நோக்கமன்று. வினா முன்னரே முடிவாகிவிட்ட ஆராய்ச்சியில், மிகச் சிறந்த பணியாளரும் அவ்வினாவிற்குள்ளேயே சிறந்து விளங்க இயலும் என்பதே யாம் கூறுவது.

3. கன்னாவும் மம்தானியும்

ஆத்தூரில் முழுதும் வெளிப்படாத இவ்வியல்பு, பஞ்சாபில் வெளிப்படையாயிற்று. லூதியானா மாவட்டத்துக் கன்னாப் பகுதியில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தார் 1950-களில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பெருங்கள ஆய்வொன்றை நடத்தினர். ராக்பெல்லர் அறக்கட்டளை அதற்குப் பொருள் உதவிற்று. கருத்தடை மாத்திரைகள் வீடுதோறும் வழங்கப்பட்டன. மக்கள் அவற்றை ஏற்றுக்கொண்டனர் எனக் களக்குறிப்புகள் காட்டின. ஆயினும் பிறப்பு வீதம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை.

பின்னர் அப்பகுதியைச் சார்ந்த மனுப்பூர் என்னும் சிற்றூருக்கு மஹ்மூத் மம்தானி என்னும் இளம் ஆராய்ச்சியாளர் சென்றார். அவர் எழுதிய நூல் 1972-இல் வெளிவந்தது. 'இவர்கள் ஏன் ஏற்கவில்லை' என்னும் வினாவை அவர் கைவிட்டார். 'இவர்களுக்கு மக்கட்பேறு எதற்குப் பயன்படுகிறது' என்று கேட்டார். கூலியாள் அமர்த்தப் பொருளற்ற சிறு உழவனுக்கு மக்களே உழைக்கும் கைகள் என்பது புலனாயிற்று. மக்கள் பலரைப் பெற்றமையால் அவர் வறியர் ஆயினர் அல்லர். வறியராதலின் மக்கள் பலரை வேண்டினர் என அவர் நிறுவினார். மாத்திரையை ஊரார் வாங்கிக்கொண்டது எதற்கு என்பதும் விளங்கிற்று. நெடுந்தொலைவிலிருந்து வந்து அன்பாகப் பேசுவோரின் மனம் நோகலாகாது என்றே பலர் வாங்கி வைத்திருந்தனர். பேராய்வு பல்லாண்டு உழைத்துக் காணாததை ஒரு தனியாளின் சிற்றாய்வு கண்டது. அவர் கூர்மதியினர் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. வினாவை மாற்றும் உரிமை அவர்க்கு இருந்தது. கன்னா ஆய்வாளர்க்கு அவ்வுரிமை இல்லை.

4. வினா ஆறு, விடை எட்டு

இவ்விடத்தில் தமிழிலக்கணம் நமக்குக் கைகொடுக்கும். தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே வினாவும் செப்பும் வழுவாது அமைதலைப் பேசுகிறது. நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகையாகப் பகுத்தார். வடிவத்தால் வினாவாக நிற்பது கருத்தால் ஏவலாகவும் இருக்கக்கூடும் என்னும் நுட்பம் இப்பகுப்பில் அடங்கியுள்ளது. 'பாடம் படித்தாயா?' என்று தந்தை மகனைக் கேட்பது செய்தி அறியும் பொருட்டன்று. படி என்று ஏவும் பொருட்டு.

நலவாழ்வு ஆய்வின் வினாப்பட்டியல்களை இவ்வளவுகோலால் அளந்து காண்க. 'குடும்பக் கட்டுப்பாட்டு முறை எதையேனும் பின்பற்றுகிறீர்களா?' என்னும் வினா அறியாவினாவாக அச்சிடப்பட்டிருக்கும். அதனை அரசு முத்திரை பொறித்த ஏட்டோடு வந்த ஒருவர், தறிக்குழியில் அமர்ந்துள்ள பெண்ணிடம் கேட்குமிடத்து அஃது ஏவல்வினா ஆகிவிடுகிறது. 'கழிப்பறை பயன்படுத்துகிறீர்களா?', 'மாத்திரையைத் தவறாது உண்கிறீர்களா?' என்பனவும் அத்தகையன. கேட்போர் அறியாமையால் கேட்பதாக எண்ணுகின்றனர். கேட்கப்படுவோர் ஏவப்படுவதாக உணர்கின்றனர். ஏவலுக்குப் பணிவான மறுமொழி 'ஆம்' என்பதே. மனுப்பூரில் மாத்திரைகள் பெற்ற 'ஆம்' அவ்வகையினது.

விடையின் இலக்கணம் இன்னும் நுண்ணியது. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடை எட்டாம். இவற்றுள் முதல் மூன்றும் வினாவிற்கு நேரே அமைவன. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. 'ஆடுவாயா?' என்றார்க்குக் 'கால் வலிக்கிறது' என்றல் உற்றது உரைத்தல். 'கால் வலிக்கும்' என்றல் உறுவது கூறல். இவை விடையல்ல என்று எவ்விலக்கண ஆசிரியரும் ஒதுக்கவில்லை. ஆனால் வினாப்பட்டியலில் இடம் பெறுவன பெரும்பாலும் நேர்விடையும் மறைவிடையும் மட்டுமே. 'ஆம்' என்பதற்கு ஒரு கட்டம். 'இல்லை' என்பதற்கு ஒரு கட்டம்.

'அரசு மருத்துவமனைக்குச் சென்றீர்களா?' என்னும் வினாவிற்கு, 'ஒரு நாள் கூலி போய்விடுமே' என்று ஒருவர் மறுமொழி கூறுவதாகக் கொள்வோம். களப்பணியாளர் 'இல்லை' என்னும் கட்டத்தில் குறியிடுவார். உறுவது கூறலாக வந்த விடை மறைவிடையாகச் சுருங்கிவிடும். மருத்துவமனையின் நேரம் கூலியாளின் நேரத்தோடு முரண்படுகிறது என்னும் ஒரு முழுச்செய்தி அக்கட்டத்தின் வெளியே உதிர்ந்துபோகும். பின்னர்த் தொகுப்போர் 'மருத்துவமனையை நாடாதோர் இத்துணை விழுக்காடு' என்பர். அதன் காரணம் அறியாமை என்பர். அறியாமை நீங்க விளம்பரம் வேண்டும் என்பர். விடையின் ஐந்து வகைகளைக் கழித்துவிட்டுப் பெற்ற முடிவு இது. திறனாய்வு நோக்குடைய ஆராய்ச்சி, உதிர்ந்த இவ்விடைகளைத் திரட்டும் முயற்சி என்று சொல்லின் அது மிகையாகாது.

5. தும்கூரில் கண்டது

வெளிநாட்டுப் பொருள் வந்தால் வினா கெடும், உள்நாட்டுப் பொருளாயின் கெடாது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. இதற்குச் சான்று பெங்களூரில் உள்ளது. தேசியக் காசநோய் நிறுவனம் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு இந்திய அரசால் 1959-இல் அங்கு நிறுவப்பட்டது. அதனைச் சார்ந்த தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் செய்த ஆய்வு 1963-இல் வெளிவந்தது.

ஊரக மக்கள் காசநோயின் குறிகளை அறியார். ஆதலின் மருத்துவம் நாடார் என்பது அந்நாளைய பொதுக்கருத்து. ஆய்வு கண்டது வேறு. நோயுற்றோருள் மிகப்பெரும்பாலோர் தம் உடம்பின் மாறுதலை உணர்ந்திருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவ நிலையங்களை நாடியும் சென்றிருந்தனர். சென்றவர்க்குக் கிடைத்தது இருமல் மருந்துப் புட்டி. சளியை ஆய்ந்து காண்பார் அங்கு இலர். 'மக்கள் ஏன் வருவதில்லை' என்னும் வினா, 'வந்தோரை நாம் என் செய்தோம்' என்று திரும்பிற்று. காசநோய்ப் பணியைத் தனி நிலையங்களில் அடைத்துவையாது பொது மருத்துவ நிலையங்கள் வாயிலாகவே நடத்துக என்னும் தேசியத் திட்டத்திற்கு இவ்வாய்வும் அடிப்படையாயிற்று.

இச்சான்று நமக்கு இரண்டைக் கற்பிக்கிறது. நிறுவனத்தின் பொருளைப் பெற்று நிறுவனத்தின் குறையைக் காணல் இயலும். அதற்கு நிறுவனம் இடம் கொடுத்தல் வேண்டும். இஃது ஒன்று. திறனாய்வு குறை கூறுவதோடு ஒழிவது, நோய் தீர்க்க உதவாது என்பாரின் கூற்று வலுவற்றது என்பது மற்றொன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து, நோயுற்றவனையே முதற்கண் வைத்தது. பானர்ஜியும் ஆண்டர்சனும் செய்தது அம்முறைவைப்பை ஆராய்ச்சியில் மீட்டமையே.

6. வலி என்னும் சொல்

வினாவின் வடிவம் மட்டுமன்றி, அதில் அமையும் ஒவ்வொரு சொல்லும் ஆராயத்தக்கது. தமிழகத்தில் 1990-களில் மகப்பேறு பற்றிக் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலார் சிசிலியா வான் ஹாலன் 2003-இல் தம் நூலை வெளியிட்டார். மேலைநாட்டில் மகப்பேற்று மருத்துவத்தைத் திறனாய்ந்தோர், வலியைக் குறைக்கும் மருந்து பற்றியே மிகுதியாகப் பேசினர். தமிழகத்து ஏழைப் பெண்டிர் பலரோ வலியை மிகுவிக்கும் ஊசியை விரும்பிக் கேட்டனர் என அவர் கண்டார். இதனை விளக்கப் புகுந்தவர் 'வலி' என்னும் தமிழ்ச்சொல்லின் இருபொருளை ஆராய்ந்தார். வலி நோவும் ஆகும், வலிமையும் ஆகும்.

தமிழ் பயின்றார்க்கு இது புதிதன்று. திருக்குறளில் வலியறிதல் என்பது ஓர் அதிகாரத்தின் பெயர். அங்கே வலி என்பது ஆற்றலையே குறிக்கும். இன்று தெருவழக்கில் நோவைக் குறிப்பதும் அச்சொல்லே. எனினும் ஒரு பொருளில் எளிதாக நாம் கடந்து செல்லும் இச்சொல், நலவாழ்வு ஆராய்ச்சியில் எத்துணைப் பெரிய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதை எடுத்துக்காட்டியவர் பிறநாட்டார். இது தமிழ்த்துறைகள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

திண்டுக்கல் வட்டாரத்து வழக்குகளும் இத்தகையனவே. 'சூடு பிடித்துக்கொண்டது' என்று ஒருவர் கூறினால், அவர் குறிப்பது பெரும்பாலும் நீர்க்கடுப்பு. மொழிபெயர்ப்பாளர் அதனைக் காய்ச்சல் என்று எழுதிவிடின் நோயே மாறிப்போகும். 'மயக்கம்' என்பது தலைசுற்றலோ நினைவிழத்தலோ என்பது இடம் நோக்கித் தெளியவேண்டுவது. 'வாய்வு' என்பது வயிற்றில் தொடங்கி முதுகிலும் மூட்டிலும் சென்று முடியும். 'உடம்பு முடியவில்லை' என்பதில் நோயும் சோர்வும் வறுமையும் ஒருங்கே பேசுவதுண்டு. ஆங்கிலத்தில் வகுத்த வினாவைத் தமிழாக்கி, தமிழில் வந்த விடையை ஆங்கிலமாக்கிக் கணக்கிடும் ஆய்வில், இருமுறையும் பொருள் கசிகிறது. இக்கசிவை அடைப்பது மருத்துவர் பணியன்று, மொழியறிந்தோர் பணி.

7. பதின்மூன்று ஊர்களின் கிணறுகள்

ஊரிலிருந்தே வினா முளைத்த சான்று ஒன்றும் திண்டுக்கல்லில் உண்டு. இந்நகரைச் சூழத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருவது. அதன் கழிவுநீர் நிலத்தில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. தமிழகத்துத் தோல் பதனிடும் சாலைகள் பற்றிய வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வழங்கிற்று. அத்தீர்ப்பில், அரசு சாராத் தொண்டமைப்பு ஒன்று திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஆகிய ஊராட்சி ஒன்றியங்களில் 13 ஊர்களில் எடுத்த கணக்கு சுட்டப்பட்டுள்ளது. குடிப்பதற்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டுவிட்டன என்பது அக்கணக்கின் முடிவு. பெண்டிரும் சிறுவரும் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடக்க நேர்ந்ததையும் தீர்ப்பு குறிக்கிறது.

தீர்ப்பின் பரவலாக வழங்கும் படிகளில் ரெட்டியார்சத்திரம் என்னும் ஊர்ப்பெயர் முதலெழுத்துத் திரிந்து 'பெட்டியார் சத்திரம்' எனக் காணப்படுகிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழையை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆயினும் தம் கிணற்றின் பெயரால் நாட்டின் உயர்ந்த மன்றம் வரை சென்ற ஊரார், ஆங்கே தம் ஊர்ப்பெயரை இழந்து நிற்பது எண்ணத்தக்கது. மக்களின் சான்று மேலிடம் செல்லச்செல்ல அதன் எழுத்து தேய்கிறது.

இக்கணக்கெடுப்பை ஆத்தூர்த் திட்டத்தோடு ஒப்பிடுக. ஒன்று பெருநிதி பெற்றுப் பல்லாண்டு நடந்தது. மற்றொன்று 13 ஊர்களின் கிணறுகளை எண்ணியது. முன்னதன் வினா நிதியோடு வந்தது. பின்னதன் வினா கிணற்றுநீரைக் குடித்தவரின் நாவிலிருந்து வந்தது. முன்னது மக்களின் நடத்தையை மாற்ற முயன்றது. பின்னது மக்களுக்கு இழைக்கப்பட்டதனை எண்ணிக் காட்டியது. அத்தீர்ப்பு திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களின் தோல் பதனிடும் சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கொள்கையை நாட்டின் சட்டத்தோடு இணைத்தது. பாதிக்கப்பட்டோரைக் கண்டறிந்து இழப்பீடு வரையறுக்கத் தனி ஆணையமும் அமைக்கச் செய்தது.

அதே 1996-இல், ஏப்ரல் திங்களில், குடும்பநலப் பணியில் ஊழியர்க்கு எண்ணிக்கை இலக்கு வகுக்கும் முறையை இந்திய அரசு கைவிட்டது. நெருக்கடிநிலைக் காலத்தின் கட்டாய அறுவைகள் உட்படப் பல கொடுமைகளைக் கண்டபின் வந்த மாற்றம் அது. வினா பிழைபட்டால் அதனைத் திருத்தப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதற்கும், வினா நேரியதாயின் சிறுகணக்கும் பெரும்பயன் தரும் என்பதற்கும் ஒரே ஆண்டில் இரு சான்றுகள் கிடைத்தன.

8. விதைநிதி எவ்வாறு அமைதல் வேண்டும்

மேற்காட்டியவற்றால் பெறப்படும் நெறிகளைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, விதைநிதி பெறுவோர்க்கு வினாவை மாற்றும் உரிமை எழுத்தில் அமைதல் வேண்டும். விண்ணப்பத்தில் எழுதிய வினா களத்தில் பொருந்தாது எனக் காணின், அங்ஙனம் கண்டமையே ஆய்வின் பயனாகக் கொள்ளப்படல் வேண்டும். இன்று பல விண்ணப்பப் படிவங்கள், தொடங்குமுன்னரே முடிவையும் அதன் பயனையும் எழுதுமாறு கேட்கின்றன. விளைச்சலை அளந்து காட்டிய பின்னரே விதை தரப்படும் என்பது போன்றது இது.

இரண்டாவது, முன்னாய்வைப் பேராய்வின் சிறுபடியாகக் கருதுதல் கூடாது. நாற்றங்காலில் விதைப்பது முளையாதவற்றைக் கழிப்பதற்கும் உதவும். சிறிய ஆய்வின் முடிவு எங்கும் பொருந்தாது என்பார் உளர். மனுப்பூர் ஒரே ஊர்தான். அதன் முடிவை எல்லா ஊர்க்கும் ஏற்றுதல் தவறே. ஆனால் அதன் வினாவை எல்லா ஊரிலும் கேட்கலாம். சிற்றாய்வு பொதுமையாகத் தருவது விடையை அன்று, வினாவை.

மூன்றாவது, நிதி களத்தின் அருகே சென்று சேர்தல் வேண்டும். 2020-இல் வெளிநாட்டு நிதி பற்றிய ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபின், அத்தகு நிதியைப் பெற்ற நிறுவனம் அதனைப் பிறிதொரு நிறுவனத்திற்குப் பகிர்ந்தளித்தல் இயலாதாயிற்று. நிர்வாகச் செலவின் வரம்பும் நூற்றுக்கு 50 என்பதிலிருந்து 20 ஆகச் சுருங்கிற்று. தலைநகரத்துப் பெருநிறுவனம் பெற்று ஒன்றிய அளவிலான சிற்றமைப்புக்குப் பங்கிட்டுத் தந்த வழி இதனால் அடைபட்டது. வெளிநாட்டுப் பொருளை நாடு கண்காணித்தல் தக்கதே. மேலே கண்ட வரலாறே அதனை வற்புறுத்தும். ஆயின் அவ்வழி அடைபட்டபோது உள்நாட்டு வழி அகலத் திறத்தல் வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக்கென நம் நாட்டில் 1911-இலேயே ஓர் அமைப்புத் தோன்றியது. அதுவே 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்றது. சமூக அறிவியலுக்குரிய கழகமோ 1969-இல்தான் நிறுவப்பட்டது. இவ்விரண்டின் இடையே கிடக்கும் பொருளே ஈண்டு ஆராயப்படுவது. இரு கழகத்தாரும் ஒருங்கு கூடி, சிறுதொகையாகவேனும் மாவட்டந்தோறும் விதைநிதி வகுப்பின், வினா தேடி வெளிநாடு செல்லவேண்டுவதில்லை.

நான்காவது, வினாப்பட்டியல் மக்கள் மொழியிலேயே முதற்கண் இயற்றப்படல் வேண்டும். மொழிபெயர்ப்பு பின்னர் நிகழ்க. உற்றது உரைத்தலும் உறுவது கூறலும் ஆகிய விடைகளை அவ்வாறே எழுதிக்கொள்ள ஏட்டில் இடம் விடுக. செலவுக் கணக்கில் மொழியறிஞர்க்கு ஒரு பங்கு ஒதுக்குக. தட்டச்சுக் கூலியோடு ஒன்றாக எண்ணத்தக்கது அன்று அப்பணி.

9. தமிழ்த்துறையின் கடன்

இந்நிதி தமிழ்த்துறைக்கு வாராது என்று நம்மவர் எண்ணுதல் இயல்பே. ஆனால் வந்தால் செய்யத்தக்க பணி யாது என்பதை நாம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். முதுகலை மாணவர் இருவர் சேர்ந்து ஆத்தூர், ரெட்டியார்சத்திரம், நிலக்கோட்டை ஆகிய வட்டாரங்களின் நோய்ச்சொற்களைத் தொகுக்கலாம். ஒவ்வொரு சொல்லும் யார் வாயில், எவரிடம் கூறுங்கால், என்ன பொருளில் வருகிறது எனக் குறிக்கலாம். நலவாழ்வுத் துறையினர் ஆண்ட பழைய வினாப்பட்டியல்களைத் தேடி எடுத்து, ஆறு வினாவும் எட்டு விடையும் ஆகிய அளவைகளால் ஆராயலாம். சித்த மருத்துவ நூல்களின் சொற்களுக்கும் இன்றைய பேச்சுக்கும் உள்ள உறவைக் காணலாம். ஏட்டில் உள்ள பாடபேதத்தை நுணுகி நோக்கப் பயின்ற கண், கட்டத்திற்குள் அடங்காது உதிர்ந்த விடையையும் காணும்.

இதன் பயன் துறைக்கு வரும் புகழ் அன்று. தறிக்குழியிலும் தோற்கிடங்கிலும் வயல்வரப்பிலும் உடல் தேய்வோர் தம் நோயைத் தம் சொல்லாற் கூறுகின்றனர். அச்சொல் விளங்காமையால் இருமல் மருந்துப் புட்டியோடு அவர் திரும்புவாராயின், அக்குறையில் மொழி கற்ற நமக்கும் பங்குண்டு. இலக்கணம் வகுத்த சான்றோர் வழக்கும் செய்யுளும் இரண்டையும் நோக்கினர். நாம் செய்யுளைப் பேணிய அளவிற்கு வழக்கைப் பேணவில்லை. நோயாளி பேசுவது வழக்கு.

விதைநெல்லைப் பிறர் களத்தில் கடன் கொண்டு உழுபவன், அறுவடைக் காலத்தில் அவர் அளக்கும் மரக்காலுக்குக் கட்டுப்படுவான். நம் நிலத்திற்கேற்ற வித்தை நாமே தேர்ந்து வைத்திருந்தால், பொருள் எத்திசையிலிருந்து வரினும் பயிர் நம்முடையதாகும். அவ்வித்து வினாவே என்பது எம் துணிபு. அறிஞர் இதனை ஆய்ந்து, ஏற்பன ஏற்று, குறையுளவாயின் எடுத்துரைப்பாராக.